காமாலையே வராதவருக்குக் கல்லீரல் ஏன் கெடுகிறது?

ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவருக்குச் சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வருகிறது. உங்கள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது, ஒரு டாக்டரைப் பாருங்கள் என்கிறார்கள். அவருக்கு நாற்பது வயது. பசியிலும் தூக்கத்திலும் குறையில்லை. குடிப்பழக்கம் கிடையாது. மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே டாக்டர், அப்புறம் எப்படி?"

மருத்துவர் பரிசோதனைகள் எழுதித் தருகிறார். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு சரியாக இருக்கிறது. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. "இப்போதைக்கு மருந்து வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வந்துவிட வேண்டும்" என்று சொல்லி அனுப்புகிறார். வந்தவருக்குக் குழப்பம் இரட்டிப்பாகிறது. கிருமி இருக்கிறதாம், நோய் இல்லையாம், ஆனாலும் விட்டுவிடக் கூடாதாம்.

இந்தக் குழப்பம் நியாயமானது. டைபாய்டு, தட்டம்மை போன்ற நமக்குப் பழக்கமான தொற்றுகள் வந்து, படுத்தி, போய்விடுகின்றன. ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. கைக்குழந்தையிலேயே தொற்றி, முப்பது நாற்பது ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, சிலருக்கு ஐம்பதை ஒட்டிய வயதில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளியே வருகிறது. இடைப்பட்ட காலத்தில் கல்லீரலுக்குள் என்னதான் நடக்கிறது?

வைரஸ் அங்கே புரதங்களைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்றுகூடக் கல்லீரலைக் கெடுப்பதற்கென்று உருவானதல்ல என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவது. ஒவ்வொரு புரதமும் வைரஸின் பிழைப்புக்கான ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலைகளுக்கான விலையைக் கல்லீரல் கொடுக்கிறது.

நாற்பத்தொரு மரணங்கள்

முதலில் ஒரு பழைய ஆய்வு. அமெரிக்க மருத்துவர் பாமர் பீஸ்லி 1970களில் தைவானில் 22,707 ஆண்களின் ரத்தத்தைச் சோதித்தார். அவர்களில் 3,454 பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் இருந்தது. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் எச்பிஎஸ்ஏஜி என்று வருவது இதுதான். மற்றவர்களுக்கு அது இல்லை. பிறகு இரு சாராரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள்.

1980 முடிவதற்குள் 41 பேர் கல்லீரல் புற்றுநோயில் இறந்திருந்தார்கள். அதில் 40 பேர் அந்த 3,454 பேரைச் சேர்ந்தவர்கள். மீதமிருந்த 19,000-க்கும் மேற்பட்டோரில் இறந்தது ஒரே ஒருவர். ஆபத்து இருநூறு மடங்குக்கும் அதிகம். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்துகூட இந்த அளவுக்குப் பக்கத்தில் வராது. ஒரு வைரஸ் மனிதருக்குப் புற்றுநோயைத் தர முடியுமா என்று பலர் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1981-ல் வெளியான இந்தக் கணக்கு விவாதத்தின் போக்கையே மாற்றியது.

சரி, வைரஸ் காரணம் என்பது தெரிந்துவிட்டது. எப்படிக் காரணம் என்பது தெரியவில்லை. அதற்கு வைரஸைத் திறந்து பார்க்க வேண்டும்.

நான்கு மரபணுக்கள், ஒரே வரி

மனித டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஹெபடைடிஸ் பி வைரஸின் டிஎன்ஏவில் 3,200 எழுத்துகள் மட்டுமே. வட்டமாக வளைந்த இந்தச் சின்னஞ்சிறு வரிக்குள் நான்கு மரபணுக்கள் இருக்கின்றன. இடம் போதாதே என்று தோன்றும். வைரஸ் இதற்குக் கண்ட வழி நம் தமிழ்ப் புலவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி: சிலேடை. 'பலகையொலி' என்பதைப் பலகை ஒலி என்றும் பிரிக்கலாம், பல கை ஒலி என்றும் பிரிக்கலாம். எழுத்துகள் அவையே; பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறுகிறது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான எழுத்துகள் முழுவதும் இன்னொரு புரதத்துக்கான எழுத்துகளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. தொடங்கும் இடத்தை ஓர் எழுத்து தள்ளி வைத்தால் வேறு புரதம் கிடைக்கிறது.

அந்த நான்கு மரபணுக்களிலிருந்து வருபவை இவை. வைரஸைப் போர்த்தும் மேலுறைப் புரதம். டிஎன்ஏவைப் பொதிந்து வைக்கும் உட்கூட்டுப் புரதம். அதே மரபணுவிலிருந்து சற்றே மாறுபட்ட வடிவில் ரத்தத்தில் கலக்கும் 'இ' புரதம். புதிய டிஎன்ஏவை எழுதும் நகலெடுப்பான் புரதம். கடைசியாக, எக்ஸ்.

கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் பித்த உப்புகளை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. அதன் பெயர் என்டிசிபி. வைரஸின் மேலுறை அதைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது என்பதைப் பெய்ஜிங்கில் வென்ஹுய் லி குழுவினர் 2012-ல் கண்டுபிடித்தார்கள். இந்த வைரஸ் இதயத்தையோ நுரையீரலையோ விட்டுவிட்டுக் கல்லீரலையே தேடிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே போன வைரஸ் டிஎன்ஏ, செல்லின் உட்கருவை அடைந்ததும், செல்லின் சொந்தப் பழுதுபார்க்கும் நொதிகளைக் கொண்டே தன்னை முழு வட்டமாக முடித்துக்கொள்கிறது. இதை மூலவட்டம் என்று அழைப்போம். இனி வரப்போகும் எல்லாப் புரதங்களும் இந்த மூலவட்டத்தைப் பார்த்தே தயாராகின்றன. அந்தச் செல் உயிரோடு இருக்கும்வரை மூலவட்டமும் பெரும்பாலும் இருக்கும்.

மிதமிஞ்சிய மேலுறை

தொற்றுள்ள ஒருவரின் ரத்தத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். டிஎன்ஏ உள்ள முழு வைரஸ் ஒன்றுக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை வெற்று உறைகள் மிதக்கும். மேலுறைப் புரதத்தை வைரஸ் தேவைக்கு மேல் இப்படி உற்பத்தி செய்து தள்ளுகிறது. வைரஸுக்கு இதில் லாபம் உண்டு. எதிர்ப்புப் பொருள்கள் இந்த வெற்று உறைகளோடு ஒட்டிக்கொண்டு வீணாகின்றன. வருடக்கணக்கில் அதே புரதத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் ஓய்ந்து போகின்றன.

கல்லீரல் செல்லுக்கோ இது பெரும் சுமை. மேலுறைப் புரதம் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் வருகிறது. பெரியது அதிகமாகத் தயாரானால் செல்லை விட்டு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. அப்படித் தேங்கிய செல்கள் நுண்ணோக்கியில் மங்கலாகத் தெரியும். 'மங்கிய கண்ணாடிச் செல்கள்' என்றே நோய்க்குறியியல் மருத்துவர்கள் அவற்றைச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஃபிராங்க் சிசாரி, இந்தப் பெரிய மேலுறைப் புரதத்தை மட்டும் மிதமிஞ்சித் தயாரிக்கும் எலிகளை உருவாக்கினார். முழு வைரஸ் இல்லை, தொற்று இல்லை. ஆனாலும் செல்கள் சேதமாயின, கல்லீரல் மறுபடி மறுபடி தன்னைப் புதுப்பித்தது, கடைசியில் கட்டிகள் வந்தன. 1989-ல் வெளியான முடிவு இது.

குழந்தையை ஏமாற்றும் 'இ'

'இ' புரதம் இல்லாவிட்டாலும் வைரஸால் பெருக முடியும். பிறகு ஏன் அதைத் தயாரிக்கிறது? பதில் பிரசவ அறையில் இருக்கிறது.

'இ' புரதமும் ஏராளமான வைரஸும் ரத்தத்தில் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குத் தடுப்பு எதுவும் கொடுக்காவிட்டால், அந்தக் குழந்தைக்குத் தொற்று நிரந்தரமாகும் வாய்ப்பு 90 சதவீதம் வரை. அதே வைரஸ் ஆரோக்கியமான பெரியவருக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு. 'இ' புரதம் சிறியது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைந்து, இன்னும் பழகிக்கொண்டிருக்கும் எதிர்ப்புச் செல்களுக்கு 'இது நம் உடம்பின் பொருள்தான்' என்ற எண்ணத்தைக் கொடுக்கிறது என்பது எலிகளில் செய்த சோதனைகள் சுட்டும் விளக்கம்.

இப்போது ரத்ததான முகாமுக்குப் போனவரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. பெரும்பாலும் பிறந்தபோதோ சிறு வயதிலோ அவருக்குத் தொற்றியிருக்கும். அவருடைய உடம்பு எதிர்க்கவில்லை. எதிர்க்காததால் காமாலையும் வரவில்லை.

கொல்வது யார்?

வைரஸின் எல்லாப் புரதங்களையும் தயாரிக்கும் எலிகளையும் சிசாரி குழுவினர் உருவாக்கினார்கள். அவற்றின் கல்லீரல் வைரஸை உற்பத்தி செய்து ரத்தத்தில் விட்டது. எலிகளுக்கு நோய் எதுவும் இல்லை. பிறகு, மேலுறைப் புரதத்தை எதிர்க்கப் பழக்கிய டி செல்களை வெளியிலிருந்து செலுத்தினார்கள். கல்லீரல் வீங்கியது, செல்கள் மடிந்தன. 1998-ல் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தத் தாக்குதல் நீண்ட நாள் நீடித்தாலே எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வருகிறது என்று காட்டினார்கள்.

ஆக, இயல்பான தொற்றில் கல்லீரல் செல்லை வைரஸ் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புரதத்தின் துணுக்கு செல்லின் மேற்பரப்பில் தெரியும்போது, நம் டி செல்கள்தான் அந்தச் செல்லைக் கொல்கின்றன. பெரியவருக்குப் புதிதாகத் தொற்றினால் இந்தத் தாக்குதல் பலமாக நடக்கிறது, காமாலை வருகிறது, பெரும்பாலோருக்கு வைரஸ் ஒழிகிறது. குழந்தையிலேயே தொற்றியவருக்கு டி செல்கள் பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, வயது வந்தபின் அரைகுறையாக விழித்துக்கொள்கின்றன. அந்தத் தாக்குதல் வைரஸை ஒழிக்கப் போதாது. கல்லீரலைச் சேதப்படுத்தப் போதும். செல்கள் மடிந்த இடத்தில் தழும்பு நார் சேர்கிறது. தழும்பு வலிக்காது. கல்லீரலுக்குள் வலி நரம்புகள் இல்லையென்பதே இந்த நோயின் கொடுமை. தழும்பு கூடிக் கூடிக் கல்லீரல் முடிச்சு முடிச்சாக இறுகுவதைத்தான் சிரோசிஸ் என்கிறோம்.

எக்ஸ் செய்யும் வேலை

இதுவரை சொன்னது தழும்பின் கதை. புற்றுநோய்க்கு இன்னொரு பாதையும் இருக்கிறது. சிரோசிஸ் வராத கல்லீரலிலும் ஹெபடைடிஸ் பி புற்றுநோயைத் தருகிறது. அங்கேதான் எக்ஸ் புரதம் வருகிறது. வெறும் 154 அமினோ அமிலங்கள் கொண்டது. மரபணு வரிசையைப் படித்தவர்களுக்கு இதன் வேலை புரியாததால் எக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

வைரஸுக்கு இது அவசியமா என்பதே முதல் கேள்வி. வட அமெரிக்காவில் வுட்சக் என்ற கொறிவிலங்குக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் உண்டு. அதன் எக்ஸ் மரபணுவைச் செயலிழக்கச் செய்து வுட்சக்குக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நடந்த அந்தச் சோதனைகளில் தொற்று நிலைகொள்ளவில்லை. எக்ஸ் இல்லாமல் வைரஸுக்கு வாழ்க்கை இல்லை என்பது தெரிந்தது. ஏன் என்பது தெரிய மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2016-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷேல் ஸ்ட்ரூபின் குழுவினர் விடையை வெளியிட்டார்கள். நிதானமாகப் பார்க்க வேண்டிய விடை அது.

ஒரே ஒரு கல்லீரல் செல்லை எடுத்துக்கொள்வோம். அதன் உட்கருவில் வைரஸின் மூலவட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. செல்லிடம் எஸ்எம்சி5/6 என்ற புரதக் கூட்டு ஒன்று இருக்கிறது. அதன் அன்றாட வேலை நம் குரோமோசோம்களைப் பேணுவதும், அறுந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவுவதும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. உட்கருவுக்குள் வந்த வைரஸின் வட்ட டிஎன்ஏமேல் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. அது உட்கார்ந்துவிட்டால் வட்டத்திலிருந்து எந்தச் செய்தியும் படிக்கப்படாது. மேலுறை இல்லை, உட்கூடு இல்லை, எதுவும் இல்லை. வைரஸ் உள்ளே இருந்தும் ஊமை.

இங்கே எக்ஸ் வேலையைத் தொடங்குகிறது. வேண்டாத புரதங்களுக்கு அழிப்புக் குறியிடும் ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. குறி விழுந்த புரதத்தைச் செல்லே நறுக்கிப் போட்டுவிடும். அந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பு டிடிபி1 என்ற புரதம். எக்ஸ் ஒரு பக்கம் டிடிபி1-ஐப் பிடித்துக்கொள்கிறது. மறுபக்கம் எஸ்எம்சி5/6-ஐக் கொண்டுவந்து சேர்க்கிறது. செல் தன் சொந்தக் கையாலேயே எஸ்எம்சி5/6-க்குக் குறியிட்டு அழிக்கிறது. மூலவட்டம் விடுபடுகிறது. வைரஸின் புரதங்கள் தயாராகத் தொடங்குகின்றன.

வைரஸின் கணக்கு அத்தோடு முடிந்தது. செல்லின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. வைரஸை அடக்கிவைத்த அதே கூட்டுதான் நம் டிஎன்ஏவின் முறிவுகளைச் சரிசெய்யவும் தேவைப்பட்டது. இப்போது அது இல்லை. எக்ஸ் இருக்கும் செல்களில் டிஎன்ஏ பழுதுபார்ப்பு தடுமாறுவது ஆய்வகங்களில் காணப்பட்டிருக்கிறது. சாதாரண நிலையில் கல்லீரல் செல்கள் அபூர்வமாகவே பிரிகின்றன. அதனால் பழுது உடனே வெளியே தெரியாது. ஆனால் டி செல்களின் தாக்குதலில் பக்கத்துச் செல்கள் மடிய மடிய, அந்த இடத்தை நிரப்ப இந்தச் செல் பிரிந்தாக வேண்டும். பழுதோடு பிரிகிறது. பழுது மகள் செல்லுக்கும் போகிறது.

இதற்கிடையே வைரஸ் டிஎன்ஏவின் துண்டுகள் சில, முறிந்த இடங்கள் வழியாக நம் குரோமோசோமுக்குள்ளேயே செருகிக்கொள்கின்றன. வைரஸுக்கு இதனால் பயனில்லை. அந்தத் துண்டிலிருந்து புது வைரஸ் பிறக்காது. ஹெபடைடிஸ் பி சார்ந்த கல்லீரல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இந்தச் செருகல்கள் காணப்படுகின்றன. அடிக்கடி காணப்படும் இடங்களில் ஒன்று டெலோமெரேஸ் மரபணுவின் அருகே. ஒரு செல் எல்லையில்லாமல் பிரிய வேண்டுமானால் விழித்தெழ வேண்டிய மரபணு அது.

அப்படியானால் எக்ஸ் தனியாகவே புற்றுநோயைத் தருமா? 1991-ல் எக்ஸ் மரபணுவைச் செலுத்திய ஒரு வகை எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. வேறு வகை எலிகளுக்கு வரவில்லை. ஆனால் அவற்றுக்குப் புற்றுநோய் வேதிப்பொருளைச் சிறிது கொடுத்ததும், எக்ஸ் இல்லாத எலிகளைவிட அதிகமாகக் கட்டிகள் வந்தன. எக்ஸ் செல்லைப் பலவீனமாக்கி வைக்கிறது. மீதியை வேறு ஏதோ ஒன்று முடிக்கிறது என்பதே என் புரிதல்.

பூஞ்சைக் கடலை

அந்த 'வேறு ஏதோ ஒன்று' நம் சமையலறையிலும் இருக்கக்கூடும். ஈரத்தில் கிடந்த வேர்க்கடலையிலும் சோளத்திலும் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது டிஎன்ஏவைத் தாக்கி, கட்டுப்பாடற்ற பிரிதலைத் தடுக்கும் பி53 மரபணுவில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் பிழையை உண்டாக்குகிறது. ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அஃப்ளாடாக்சின் மட்டும் உடம்பில் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 3 மடங்கு. ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 60 மடங்கு. கசக்கும் கடலையைத் தூக்கிப் போடுங்கள். தொற்று உள்ளவர் வீட்டில் அதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

கீழாநெல்லியும் மாத்திரையும்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் கீழாநெல்லி வராமல் போகாது. இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை 1960களில் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பர்க், சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. கீழாநெல்லி எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அது மீண்டும் கிடைக்கவில்லை. கீழாநெல்லிக்கு நம்மிடையே இவ்வளவு நல்ல பெயர் இருப்பதற்கு இன்னொரு காரணம், நாம் அடிக்கடி பார்க்கும் காமாலை ஹெபடைடிஸ் ஏ வகை. அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அந்த நம்பிக்கையில் பி வகைக்காரர் மருத்துவரை விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை.

இன்று கையில் இருக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் நகலெடுப்பான் புரதத்தைத் தடுக்கின்றன. புது டிஎன்ஏ எழுதப்படுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. டி செல்களின் தாக்குதல் அடங்குகிறது, தழும்பு குறைகிறது, புற்றுநோய் ஆபத்தும் குறைகிறது. ஆனால் மூலவட்டத்தை இவை தொடுவதில்லை. அதனால்தான் மாத்திரை சாப்பிட்டும் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாகவே வருகிறது. அதனால்தான் தானாக நிறுத்தினால் வைரஸ் சீறிக்கொண்டு திரும்புகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு இப்படி உட்கருவில் சேமிப்பு கிடையாது. அதைப் பெரும்பாலோருக்குச் சில மாத மாத்திரையில் முற்றிலும் ஒழித்துவிட முடிகிறது.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. இந்தியாவில் சுமார் 2.98 கோடி. அந்த ஆண்டு மட்டும் 11 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இவ்வளவுக்கும் தடுப்பூசி 1980களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அதில் உள்ளது வைரஸின் அதே மேலுறைப் புரதம். தைவான் 1984-ல் குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்திருந்தால் அம்மா, உடன்பிறந்தவர்கள், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால் இது பரவாது. அவரைத் தள்ளி வைக்காதீர்கள். சவர பிளேடையும் பல் துலக்கும் பிரஷையும் மட்டும் பகிர வேண்டாம். வீட்டில் குழந்தை பிறந்தால் முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் போடப்பட்டதா என்று பிரசவ அறையிலேயே கேளுங்கள். தாய்க்குத் தொற்று இருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். எஸ்ஜிபிடி சரியாக இருக்கிறது என்பதற்காக ஆறு மாதப் பரிசோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப் போடாதீர்கள்.